டாங்கி மாடலுக்கு மாற்று டிராக்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

1:35 அளவு (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு) டாங்கி மாடலுக்கு மாற்று டிராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் கண்ணிச் சங்கிலி, வாங்குகிறவர்களில் பலர், பெட்டியின் மேலிருக்கும் பெயரை நம்பி வாங்குகிறார்கள். மாடல் பெட்டியில் ‘டி-34’ (இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சோவியத் டாங்கி), டிராக் பெட்டியிலும் ‘டி-34’. அப்புறம் என்ன சந்தேகம் என்று பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். சந்தேகம் அங்கேதான் தொடங்க வேண்டும். ஒரே பெயருள்ள டாங்கி பல ஆண்டுகள், பல தொழிற்சாலைகளில் உருவாகியிருக்கிறது. அதற்குள் அதன் டிராக் இரண்டு மூன்று முறையாவது மாறியிருக்கும். எந்த டிராக் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: உங்கள் மாடலில் டிராக்கை இழுத்து ஓட்டும் பற்சக்கரம், நீங்கள் செய்ய நினைக்கும் வண்டியின் ஆண்டு. பெயருக்கு மூன்றாவது இடம்தான்.

சேலத்தில் இருந்துகொண்டு இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடுகிறவர்களுக்கு இது கூடுதல் முக்கியம். ஐந்து ரோட்டுக் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளும் பொருள் அல்ல இது. உலோக டிராக் என்றால் ஹங்கேரியிலிருந்தோ ரஷ்யாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வர வேண்டும். தபால் செலவும் சுங்க வரியும் சேரும். பிழையாக வந்தால் திருப்பி அனுப்புவது கட்டுப்படியாகாது. ஆகவே வாங்குவதற்கு முன்பே அளந்து பார்ப்பதும், வாங்கியது சரியாக உட்காராவிட்டால் எங்கே பிழை என்று வரிசையாகத் தேடுவதும் பழக வேண்டிய வேலைகள்.

தேவையான கருவிகள் நம் ஊரிலேயே கிடைக்கின்றன. டிஜிட்டல் வெர்னியர் ஒன்று, எஃகு ஸ்கேல் ஒன்று, அரை மில்லிமீட்டர் துளைக்குச்சிகள், கைத்துளைப்பான், மெல்லிய அரங்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் விசாரியுங்கள். கொலுசு வேலைக்கும் டிராக் வேலைக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு கண்ணியில் விடுகிற மயிரிழைப் பிசகு முழுச் சங்கிலியில் விரல் அகலமாக வளர்ந்து நிற்கும்.

இனி அறிகுறிகளுக்கு வருவோம். உங்கள் மாடலில் எது தெரிகிறதோ அந்தப் பகுதியைப் படித்தால் போதும். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கண்ணிகள் பற்களில் உட்காராமல் ஏறி நிற்கின்றன

முழு டிராக்கையும் கோத்துவிட்டுச் சோதிக்காதீர்கள். பற்சக்கரத்தின் பாதிச் சுற்றுக்குத் தேவையான கண்ணிகளை மட்டும் கோத்து, சக்கரத்தின் மேல் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு கண்ணிகள் ஒழுங்காக உட்கார்ந்து, நான்காவதிலோ ஐந்தாவதிலோ பல் துளையின் விளிம்பில் ஏறினால் அது பிட்ச் பிழை. முதல் கண்ணியே உட்காரவில்லை என்றால் பிட்ச்சைக் குறை சொல்ல வேண்டாம். பல்லின் தடிப்பு, துளையின் அகலம், பற்சக்கரத்தின் இரு வளையங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஆகிய மூன்றில் ஒன்று பிசகியிருக்கிறது.

பிட்ச் என்பது கண்ணிகளைக் கோக்கும் ஒரு ஊசியின் மையத்திலிருந்து அடுத்த ஊசியின் மையம் வரையுள்ள தூரம். ஒரே ஒரு கண்ணியை அளந்தால் வெர்னியரின் சிறு தவறே பெரிதாகத் தெரியும். பத்துக் கண்ணிகளைக் கோத்து நேராக இழுத்துவைத்து, முதல் ஊசித்துளை மையத்திலிருந்து கடைசித் துளை மையம் வரை அளந்து 10-ஆல் வகுங்கள். கிடைக்கும் எண்ணை நிஜ வண்டியின் அளவோடு ஒப்பிடுங்கள். டி-34 டிராக்கின் பிட்ச் 172 மி.மீ.; 35-ஆல் வகுத்தால் 4.91. அமெரிக்க ஷெர்மனுக்கு 152.4 மி.மீ., மாடலில் 4.35. ஜெர்மன் டாங்கிகளில் டைகருக்கு 130, மாடலில் 3.71. பான்சர் 4-க்கு 120, மாடலில் 3.43. டி-34 கண்ணியில் 0.1 மி.மீ. கூடினால் ஒரு பக்கத்துக்கு 72 கண்ணிகளில் 7.2 மி.மீ. ஆகிவிடும். ஏறக்குறைய ஒன்றரைக் கண்ணி நீளம் அது. கண்ணுக்கே தெரியாத பிசகு, மாட்டும்போது முழு டிராக்கையும் தொங்கவைக்கும்.

அடுத்து, உங்கள் டாங்கியில் சக்கரம் டிராக்கை எப்படிப் பற்றுகிறது என்று பாருங்கள். எல்லா டாங்கிகளிலும் இது ஒன்றல்ல. ஜெர்மன் டாங்கிகளில் பற்கள் கண்ணியின் துளைகளுக்குள் நுழைகின்றன. ஷெர்மனில் பற்கள் கண்ணியின் நடுவில் நுழைவதில்லை. இரு ஓரங்களிலும் கண்ணிகளைப் பிணைக்கும் இணைப்பிகளைத்தான் பற்றித் தள்ளுகின்றன. டி-34-இல் பற்களே இல்லை. சக்கரத்தின் இரு வட்டுகளுக்கு நடுவே உள்ள உருளைகள், டிராக்கின் உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளைப் பிடித்து இழுக்கின்றன. எனவே டி-34-இல் சோதிக்க வேண்டியது கொம்பின் தடிப்பும் உயரமும்தான். கொம்பு தடித்திருந்தால் இரு உருளைகளுக்கு நடுவே இறங்காது. அச்சுக்கோடு (வார்க்கும்போது அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் விழும் மெல்லிய கோடு) கொம்பின் மேல் ஓடுகிறதா என்று பாருங்கள். பல நேரம் அதைச் சுரண்டினாலே சரியாகிவிடும்.

டி-34-இல் இன்னொன்றும் உண்டு. கொம்புள்ள கண்ணியும் தட்டைக் கண்ணியும் ஒன்றுவிட்டு ஒன்றாக வர வேண்டும்: 36 கொம்பு, 36 தட்டை. நீளம் கூடிவிட்டது என்று ஒரு கண்ணியை மட்டும் எடுத்தால், ஓரிடத்தில் இரண்டு தட்டையோ இரண்டு கொம்போ அடுத்தடுத்து வந்துவிடும். அந்த இடம் சக்கரத்தில் உட்காராது. எடுத்தாலும் சேர்த்தாலும் இரண்டிரண்டாகத்தான் செய்ய வேண்டும்.

போருக்குப் பின் வந்த சோவியத் டாங்கியான டி-55 செய்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல்தான் அதிகம் வருகிறது. அதற்கு இரு வகை டிராக்குகள் உண்டு. பழையது ஓஎம்எஸ்எச், ஊசி வெறுமனே கோத்திருக்கும். பின்னர் வந்தது ஆர்எம்எஸ்எச்; ஊசியைச் சுற்றி ரப்பர் உறை இருக்கும். முன்னதற்குப் பற்சக்கரத்தில் 13 பற்கள், பின்னதற்கு 14. மாடலில் உள்ள பற்களை எண்ணிவிட்டு டிராக்கைத் தேர்ந்தெடுங்கள். 13 பற்கள் இருக்கையில் ஆர்எம்எஸ்எச் வாங்கிவிட்டு, ‘டிராக் தரமில்லை’ என்று வருந்துவதில் நியாயமில்லை. அந்த வகை டிராக்தான் வேண்டும் என்றால் பற்சக்கரத்தையும் சேர்த்து மாற்றுங்கள். சில உலோக டிராக் தொகுப்புகளில் பற்சக்கரமும் சேர்ந்தே வருகிறது. விற்பவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள்: பற்களை அரத்தால் தேய்த்து மெலிதாக்கி உட்காரவைக்காதீர்கள். அச்சுக்கோட்டை எடுப்பதோடு நிறுத்துங்கள். மெலிந்த பற்கள் நிழற்படத்தில் உடனே தெரியும். அதைவிட முக்கியமாக, பிழை வேறு எங்கோ இருக்க நீங்கள் சரியான பாகத்தைக் கெடுத்திருப்பீர்கள்.

டிராக் மேல்தகட்டில் உரசுகிறது, அல்லது ஒடுங்கித் தெரிகிறது

அகலத்தை அளந்து 35-ஆல் பெருக்குங்கள். வருகிற எண் உங்களுக்கு எந்த டிராக் வந்திருக்கிறது என்று நேரடியாகச் சொல்லிவிடும்.

டைகர் 1-க்கு இரண்டு டிராக்குகள் இருந்தன. போருக்கு 725 மி.மீ. அகலம், ரயிலில் ஏற்றிச் செல்ல 520 மி.மீ. மாடலில் முதலாவது 20.7 மி.மீ., இரண்டாவது 14.9 மி.மீ. ரயில் பயணத்துக்கு ஒடுங்கிய டிராக்கை மாட்டும்போது, ரப்பர் விளிம்புள்ள சக்கரங்கள் கொண்ட டைகரில் வெளிவரிசைச் சக்கரங்களையும் கழற்றிவிடுவார்கள். ஆக, எல்லாச் சக்கரங்களும் மாட்டிய டைகரில் ஒடுங்கிய டிராக் இருந்தால் வெளிச்சக்கரங்கள் டிராக்கைத் தாண்டி வெளியே நிற்கும். அதைப் பார்த்தவுடன் பெட்டி மாறி வந்திருக்கிறது என்று முடிவு செய்யலாம்.

ஷெர்மனிலும் இரண்டு குடும்பங்கள். செங்குத்துச் சுருள்வில் கொண்ட பழைய சக்கர அமைப்புக்குச் சுமார் 420 மி.மீ. அகலம், மாடலில் 12 மி.மீ. கிடைச் சுருள்வில் கொண்ட பிந்தைய அமைப்புக்கு 23 அங்குலம், அதாவது 584 மி.மீ.; மாடலில் 16.7 மி.மீ. இவை ஒன்றுக்கொன்று பொருந்தாது. 1944-இன் பிற்பகுதியில் பழைய குடும்பத்து டிராக்கின் வெளி ஓரத்தில் தகடு நீட்டிய இணைப்பிகளை மாட்டி அகலப்படுத்தினார்கள். சேற்றில் புதையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. மேல்தகட்டுக்கு அருகில் உரசுவதுபோல் தெரிந்தாலும் பிழையல்ல.

டி-34-இல் 1940, 41-ஆம் ஆண்டு வண்டிகளுக்கு 550 மி.மீ., பின்னாளில் 500 மி.மீ. மாடலில் 15.7-க்கும் 14.3-க்கும் உள்ள வேறுபாடு. 85 மி.மீ. பீரங்கி கொண்ட டி-34-க்கு 550 வாங்கியிருந்தால் அதை ஒரு பழைய டி-34-க்கு எடுத்துவைத்துவிட்டு வேறு வாங்குங்கள்.

புத்தகத்தில் சொன்ன எண்ணிக்கையைக் கோத்தும் நீளம் பொருந்தவில்லை

இங்கே பதற்றம் வேண்டாம். டைகருக்கு ஒரு பக்கம் 96, பெரும்பாலான ஷெர்மன்களுக்கு 79, உடல் நீண்ட எம்4ஏ4 ஷெர்மனுக்கு 83 என்று எண்கள் உண்டு. அவை நிஜ வண்டிக்கான எண்கள். உங்கள் மாடலில் சக்கரங்களின் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் ஒரு கண்ணி கூடலாம் அல்லது குறையலாம். நிஜத்திலும் ஓடி ஓடித் தேய்ந்த டிராக் நீளும். வீரர்கள் ஐட்லர் சக்கரத்தை நகர்த்தி இறுக்குவார்கள், நகர்த்த இடமில்லாதபோது கண்ணியைக் கழற்றுவார்கள்.

ஆகவே முதலில் ஐட்லரைப் பாருங்கள். பற்சக்கரத்துக்கு எதிர் முனையில் இருக்கும் பல்லில்லாத சக்கரம் அது. அதை ஒட்டும் முன்பே டிராக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பல மாடல்களில் ஐட்லரின் கை ஒரே கோணத்தில் நிற்கும்படி உள்ளே ஒரு சிறு முளை இருக்கும். அந்த முளையை வெட்டிவிட்டால் கையை முன்னும் பின்னும் திருப்பலாம். பாதிக் கண்ணி நீளம் வரைக்கும் இப்படிச் சமாளிக்கலாம். ஐட்லர் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தால், கண்ணியைக் கூட்டிக் குறைத்துத் தொய்வில் ஈடுகட்ட வேண்டியதுதான்.

ஆனால் மூன்று கண்ணிகளுக்கு மேல் வேறுபாடு வந்தால் ஐட்லரைத் தொடாதீர்கள். முதல் பகுதிக்குத் திரும்பிப் போய் பிட்ச்சை அளந்து பாருங்கள். ஷெர்மனாக இருந்தால், உங்கள் மாடல் எம்4ஏ4 ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள். 79-க்கும் 83-க்கும் உள்ள வேறுபாடு டிராக்கின் குற்றமல்ல.

மேல் ஓட்டம் விறைத்து நிற்கிறது, அல்லது அளவுக்கு மீறித் தொங்குகிறது

மாற்று டிராக் வாங்குவதற்குப் பலர் சொல்லும் காரணம் தொய்வுதான். உலோகக் கண்ணிகள் தம் எடையால் தாமே தொங்கும், அழகாக இருக்கும் என்கிறார்கள். டி-34, டைகர், பேந்தர், டி-55 போன்றவற்றுக்கு இது முற்றிலும் உண்மை. இவற்றில் மேல் ஓட்டத்தை, அதாவது சக்கரங்களுக்கு மேலே செல்லும் டிராக் பகுதியை, தாங்கத் தனி உருளைகள் கிடையாது. டிராக் தாங்கு சக்கரங்களின் மேலேயே படுத்துக் கிடக்கிறது. பெட்டியோடு வந்த வினைல் டிராக் இங்கே ஒரு பாலம்போல விறைத்து நிற்கும். உலோகம் அதைச் சரிசெய்யும்.

ஷெர்மனுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. ஷெர்மன் டிராக்கின் ஊசிகள் ரப்பர் உறைக்குள் இறுக்கமாகப் பொதிந்தவை. ரப்பர் ஒவ்வொரு மூட்டையும் விறைப்பாகவே வைத்திருக்கும். கழற்றித் தரையில் போட்டால் முனைகள் மேல்நோக்கிச் சுருளப் பார்க்கும். போதாக்குறைக்கு மேலே தாங்கும் உருளைகளும் உண்டு. எனவே ஷெர்மனின் மேல் ஓட்டம் ஏறக்குறைய நேர்க்கோடாகத்தான் போகும். அதற்கு உலோக டிராக் வாங்கி, உருளைகளுக்கு நடுவே மாலைபோலத் தொங்கவிட்ட மாடல்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை. அவ்வளவு செலவும் உழைப்பும் வண்டியைப் பொய்யாக்கப் போய்விட்டன. ஷெர்மனுக்கு ஒட்டக்கூடிய பிளாஸ்டிக் கண்ணிகளே போதும், அவையே சரியும்கூட.

டி-55-இலும் இதே விதி உள்ளே ஒளிந்திருக்கிறது. ஊசி தளர்ந்த ஓஎம்எஸ்எச் நன்றாகத் தொங்கும். ரப்பர் உறை கொண்ட ஆர்எம்எஸ்எச் அவ்வளவு தொங்காது.

தொய்வு எங்கே விழும் என்பதைப் பற்சக்கரம் இருக்கும் இடம் தீர்மானிக்கிறது. ஷெர்மனிலும் ஜெர்மன் டாங்கிகளிலும் பற்சக்கரம் முன்னால் இருக்கிறது. வண்டி முன்னோக்கிப் போகும்போது அது மேல் ஓட்டத்தைத் தன்பக்கம் இழுக்கிறது, மேலே இறுகும். டி-34, டி-55, பிரிட்டனின் செஞ்சுரியன் ஆகியவற்றில் பற்சக்கரம் பின்னால் இருக்கிறது. அது தரையில் கிடக்கும் கீழ் ஓட்டத்தை இழுக்கிறது, தளர்வு முழுவதும் மேலே வந்துவிடும். நிற்கும் வண்டியா, ஓடும் வண்டியா, சட்டென்று பிரேக் போட்ட வண்டியா என்பதை முடிவு செய்துகொண்டு தொய்வை அமையுங்கள். பிரேக் போட்டால் இது தலைகீழாகும்.

பிளாஸ்டிக் கண்ணிகளில் தொய்வு கொண்டுவர ஒரு வழி: ஸ்கேலை ஒட்டி ஒட்டுநாடாவின் மேல் கண்ணிகளை வரிசையாக அடுக்கி, மாடல் பசையைத் தூரிகையால் தடவி, பசை பாதி இறுகி வரிசை இன்னும் வளையும் நிலையில் சக்கரங்களின் மேல் போர்த்துங்கள். தாங்கு சக்கரங்களுக்கும் மேல் ஓட்டத்துக்கும் இடையே பஞ்சைச் செருகி, தொங்க வேண்டிய இடத்தில் மெல்ல அழுத்தி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் மெல்லிய பசை நொடியில் ஆவியாகிவிடும். மெதுவாக உலரும் கெட்டிப் பசையை எடுத்துக்கொள்ளுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

செலவைப் பற்றி ஒரு சொல். செஞ்சுரியனின் பக்கத் தகடுகளை மாட்டிச் செய்கிறீர்கள் என்றால் மேல் ஓட்டமே வெளியே தெரியாது. இந்திய-பாகிஸ்தான் போரின்போது 1971 டிசம்பர் 16-இல் பசந்தர் சண்டையில் பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் அருண் கேத்ரபால் நின்று போரிட்ட ‘ஃபமகுஸ்தா’ ஒரு செஞ்சுரியன். நம் நாட்டில் அதைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். பக்கத் தகடு மூடியிருக்கும் என்றால் உலோக டிராக்குக்குச் செலவிடும் பணத்தை வேறு பாகங்களுக்குச் செலவிடுங்கள்.

எல்லாம் பொருந்துகிறது, ஆனால் நிழற்படத்தோடு ஒத்துப்போகவில்லை

இதுதான் கடினமான அறிகுறி, ஏனென்றால் வெர்னியர் இங்கே உதவாது. ஷெர்மனையே எடுத்துக்கொள்வோம். பழைய சக்கர அமைப்புக்கான டிராக்குகளில் டி51 தட்டையான ரப்பர். டி48 ‘வி’ வடிவ மேடு கொண்ட ரப்பர். டி49 குறுக்குப் பட்டைகள் கொண்ட எஃகு. டி54இ1 ‘வி’ மேடு கொண்ட எஃகு. நான்கும் ஒரே பிட்ச், ஒரே பற்சக்கரம். எதை மாட்டினாலும் கச்சிதமாக உட்காரும். எது சரி என்று சொல்லக்கூடியது, நீங்கள் செய்யும் வண்டியின் நிழற்படம் மட்டும்தான்.

படத்தில் டிராக்கைப் படிக்க முன்பக்கம்தான் நல்ல இடம். முன்சக்கரத்தில் சுற்றி வரும் கண்ணிகளின் வெளிமுகம் அங்கே நேராகத் தெரியும். பல டாங்கிகளில் உதிரிக் கண்ணிகளை முன்தகட்டில் மாட்டி வைத்திருப்பார்கள். அவற்றையும் பாருங்கள், ஆனால் அவற்றை மட்டும் நம்பாதீர்கள். அவை வேறு வகையாக இருக்கலாம்.

டைகரில் 1943 அக்டோபர் வாக்கில் வழுக்காமல் இருக்கக் கண்ணிகளின் முகத்தில் ‘வி’ வடிவ மேடுகளைச் சேர்த்து வார்த்தார்கள். அதற்கு முந்தைய போர்க்களத்து டைகரில் அந்த மேடுகள் இருந்தால் பிழை. டைகரின் தொடக்க கால வண்டிகளில் இடது டிராக்கும் வலது டிராக்கும் கண்ணாடிப் பிம்பம்போல எதிரெதிராக இருந்தன. பின்னர் இரு பக்கமும் ஒரே கண்ணியை மாட்டினார்கள். தொகுப்பைப் பிரித்ததும் இரு பைகளிலும் உள்ள கண்ணிகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

1965 செப்டம்பரில் அசல் உத்தரில் பாகிஸ்தானிடமிருந்து பிடிபட்ட அமெரிக்க எம்48 பாட்டன் டாங்கிகளைச் செய்கிறவர்கள் எண்கோண ரப்பர் அட்டை கொண்ட டி142 டிராக்கைத் தவிருங்கள். அது 1970-களில் வந்தது. எம்48-க்கு அந்தக் காலத்துக்குரியது ‘வி’ மேடு ரப்பர் கொண்ட டி97.

காட்சிக்கு வைத்திருக்கும் டாங்கிகளைப் படம் எடுத்து அதைப் பார்த்தே செய்கிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அகில்யாநகரில் (முன்பு அகமத்நகர்) உள்ள குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகம் போன்ற இடங்கள் அளவெடுக்கவும், வார்ப்பின் நுட்பத்தைப் பார்க்கவும் ஒப்பற்றவை. ஆனால் பொதுவாகவே, மேடையேறிய வண்டியில் இருக்கும் டிராக் அது போரிட்ட நாளில் இருந்த டிராக்தான் என்று சொல்ல முடியாது. பராமரிப்பில் மாறியிருக்கலாம். வடிவத்தை அருங்காட்சியகத்திலிருந்தும், வகையைப் போர்க்காலப் படத்திலிருந்தும் எடுங்கள்.

ஊசியின் தலை தவறான பக்கம் தெரிகிறது

டி-34-க்கானது இது. ஊசித் தலைகள் உட்புறம், வண்டியின் உடலை நோக்கி இருக்க வேண்டும். ஓடும்போது ஊசி உட்பக்கம் நகர்ந்து வெளியே வரும். உடலின் பின்பகுதியில் பொருத்திய சாய்வுத் தகடு அதன் தலையில் இடித்து மீண்டும் உள்ளே தள்ளிவிடும். தலைகள் வெளிப்பக்கம் இருந்தால் இடமும் வலமும் மாறிப்போயிருக்கிறது, கழற்றி மாற்றுங்கள்.

சக்கரத்தின் விளிம்பு இளகி ஒட்டுகிறது

பழைய மாடல்களின் வினைல் டிராக்கில் அதை மென்மையாக வைத்திருக்கும் ஒரு வேதிப்பொருள் உண்டு. அது மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சக்கரத்தை இளக்கிவிடும். வெப்பம் இதை வேகப்படுத்துகிறது. மே மாதத்தில் மொட்டைமாடி அறையில் வைத்த மாடல்கள் சீக்கிரம் பாதிக்கப்படும். சக்கரங்களின் ஓடுபாதை முழுவதும் பெயிண்ட் பூசி, அதன் மேல் வார்னிஷ் பூசுவது ஓரளவு காக்கும். இளகத் தொடங்கிவிட்டால் வினைலைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் கண்ணிகளுக்கோ உலோகத்துக்கோ மாறுங்கள். பிசின் அச்சில் வந்த முப்பரிமாண அச்சுக் கண்ணிகளும் நல்லவைதான், ஆனால் அவற்றின் மெல்லிய முளைகள் முரட்டுக் கையில் ஒடியும். பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் அச்சிட்டவற்றை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்கக் கூடாது. சுமார் 60 டிகிரியில் அது நெகிழத் தொடங்கும்.

உலோகக் கண்ணியில் ஊசி நுழையவில்லை, மூட்டு மடங்கவில்லை

வார்ப்பில் துளை அடைபட்டிருப்பது இயல்பு. ஊசியை அழுத்தித் திணித்தால் துளையைச் சுற்றியுள்ள காது உடையும். துளைக்குச்சியின் நுனியில் துளி எண்ணெய் தொட்டு, கையால் சுழற்றி, இரு பக்கத்திலிருந்தும் பாதிப்பாதியாகத் துளையிடுங்கள். மின்துளைப்பான் வேண்டாம், உலோகம் மென்மையானது, குச்சி வழிமாறி ஓடிவிடும். மூட்டு மடங்காவிட்டால் காதுகளுக்கு நடுவே பிசிறு இருக்கும். மெல்லிய அரத்தை ஒருமுறை இழுத்தால் போய்விடும்.

ஊசிக்குச் சில தொகுப்புகளில் எஃகுக் கம்பி வரும். சேலத்தின் வறண்ட காற்றில் அது தாக்குப்பிடிக்கும். ஏற்காட்டில் வைக்கப்போகும் மாடல் என்றால் பித்தளைக் கம்பிக்கு மாறுங்கள். மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள் வருகிற இடத்தில் எஃகு துருவேறி, மடங்கும் டிராக் மடங்காத டிராக்காகிவிடும். அங்கே உடனடி ஒட்டுப்பசையும் ஈரத்தில் வெண்படலம் விடும். ஊசி முனைகளுக்குத் துளியாக மட்டும் தொட்டுவையுங்கள்.

கருமை திட்டுத்திட்டாக ஏறுகிறது

பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம். முதலில் பாத்திர சோப்பில் கழுவி, பிறகு அசிட்டோனில் அலசி, அதன்பின் கையால் தொடாமல் கருமைக் கரைசலில் போடுங்கள்.

நம் ஊரில் வெள்ளிக்குக் கருமை ஏற்றும் கந்தகக் கரைசல் எளிதாகக் கிடைக்கிறதே என்று யோசிப்பீர்கள். அது வெள்ளியிலும் செம்பிலும் வேலை செய்யும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த இந்த வெள்ளை உலோகத்தில் எடுபடாது. இதற்கென்று விற்கும் கருமைக் கரைசலையே வாங்குங்கள். மின்சுற்றுப் பலகையை அரிக்கப் பயன்படும் ஃபெரிக் குளோரைடை நன்றாக நீர்த்துப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. கையுறை, கண்ணாடி, திறந்த சன்னல், பிளாஸ்டிக் பாத்திரம் இவை இல்லாமல் செய்யாதீர்கள். முதலில் ஓர் உதிரிக் கண்ணியில் சோதியுங்கள். கருமை ஏறியதும் நிறையத் தண்ணீரில் கழுவி, முழுக்க உலர்த்திய பிறகே மாட்டுங்கள்.

தரையில் படும் மேடுகளை நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் உலோகம் பளிச்சிடும். ரப்பர் டிராக்கில் இப்படிச் செய்யக் கூடாது. சேற்று நிறத்தைப் பொறுத்தவரை, நம் வீட்டுத் தோட்டத்துச் செம்மண்ணை எடுத்து ரஷ்யச் சமவெளியில் ஓடிய வண்டிக்குப் பூசாதீர்கள். அந்த மண் கருப்பு.

மாதங்கள் கழித்துக் கண்ணிகளில் வெண்பொடி படிகிறது

இது துருவுமல்ல, பூஞ்சையுமல்ல. ஈயம் கலந்த உலோகம், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரிம அமில ஆவியோடும் சேர்ந்து அரிபடுகிறது. மூடிய மர அலமாரிகளிலிருந்து அசிட்டிக் அமில ஆவி வரும். கண்ணாடியை ஒட்டும் சிலிக்கோன் பசைகளில் புளித்த நெடி வீசும் வகையும் அதையே விடும். ஏற்காட்டு வீடுகளில் ஈரமும் சேர்ந்துகொள்வதால் அங்கேதான் இது அதிகம். மாடலை எடுத்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, ஈரத்துணியால் பொடியைத் துடைத்தெடுங்கள். உலர்ந்த தூரிகையால் தட்டக் கூடாது, அது ஈயத்தூள். துணியை உடனே பையில் கட்டி எறியுங்கள், கையைச் சோப்பால் கழுவுங்கள். உலர்ந்ததும் கண்ணிகள் முழுவதும், உட்புறம் உட்பட, வார்னிஷ் பூசுங்கள். பிறகு மாடலை மர அலமாரியிலிருந்து எடுத்து, கண்ணாடியும் உலோகமும் கொண்ட, காற்றுப் புகும் பெட்டிக்கு மாற்றுங்கள். அருகில் சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் போட்டு, மழைக்காலத்தில் அதை அவ்வப்போது சூடாக்கி உலர்த்துங்கள்.